ஒரே நாளில் சிச்சென் இட்சா: மாயர் நகரில் பயணிகள் காண்பதும் தவறவிடுவதும்

மெக்சிகோவின் யுகாட்டான் தீபகற்பத்தில் அமைந்துள்ள சிச்சென் இட்சா தொல்நகரைக் காண ஆண்டுதோறும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். 1988-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்த நகரம், 2007-ஆம் ஆண்டு நடைபெற்ற உலகளாவிய வாக்கெடுப்பில் தாஜ்மகாலுடன் சேர்ந்து புதிய ஏழு உலக அதிசயங்களில் ஒன்றாகத் தேர்வானது. அதன் பிறகு இந்தியப் பயணிகளிடையேயும் இதன் பெயர் பரவலாக அறியப்பட்டது.

இங்கு வருவோரில் கணிசமானோர் கரீபியன் கடலோர நகரங்களில் தங்கி, காலையில் வழிகாட்டியுடன் பேருந்தில் புறப்பட்டு மாலையில் திரும்புபவர்கள். அவர்கள் தொல்நகருக்குள் செலவிடும் நேரம் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மணி நேரமே. அந்த நேரத்தில் வழிகாட்டி சொல்லும் வரலாறே பயணிகளின் மனதில் நிலைத்து விடுகிறது. 'மர்மமான முறையில் மறைந்துபோன இனம்' என்ற கதை அவற்றில் மிகவும் பிரபலமானது. ஆனால், அந்த இனத்தின் வழித்தோன்றல்கள் தொல்நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றும் வாழ்கின்றனர். நினைவுப் பொருள் விற்பவர்களாகவும், சில வேளைகளில் வழிகாட்டிகளாகவும் பயணிகளின் எதிரிலேயே நிற்கின்றனர்.

ஒருநாள் பயணம் எப்படி அமைகிறது, அங்கு எவற்றைக் காணலாம், எந்தக் கதைகளைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்பன குறித்த விளக்கம் இதோ.

பயணம் எப்படி அமைகிறது?

சிச்சென் இட்சா, கான்குன் நகரிலிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவிலும், யுகாட்டான் மாநிலத் தலைநகர் மெரிடாவிலிருந்து சுமார் 120 கி.மீ. தொலைவிலும் உள்ளது. கான்குனிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். மெரிடாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சென்றடையலாம். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் சேவையைத் தொடங்கிய 'மாயா ரயில்' பாதையில் சிச்சென் இட்சாவுக்கும் ஒரு நிலையம் உண்டு. காடுகளும் நிலத்தடிக் குகைகளும் பாதிக்கப்படும் என்ற எதிர்ப்புக்கு இடையே கட்டப்பட்ட ரயில் பாதை இது.

வழக்கமான சுற்றுலாத் தொகுப்பில் விடுதியிலிருந்து அழைத்துச் செல்லுதல், வழிகாட்டி, மதிய உணவு, இயற்கை நீர்க்கிணறு ஒன்றில் நீராடல், வயாடோலிட் என்ற காலனிய கால நகரில் சிறிது நேரம் நிற்றல் ஆகியவை அடங்கும். நுழைவுக் கட்டணம் தொகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை முன்பதிவின்போதே கேட்டறிவது நல்லது. மத்திய அரசின் தொல்லியல் கட்டணம், மாநில அரசின் கட்டணம் என இரண்டு தனித்தனிக் கட்டணங்கள் இங்கு வசூலிக்கப்படுகின்றன. வெளிநாட்டவருக்கான மொத்தத் தொகை உள்நாட்டவர் செலுத்துவதைவிடக் கூடுதல்.

கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். கான்குன் அமைந்துள்ள கிந்தானா ரோ மாநிலமும், சிச்சென் இட்சா அமைந்துள்ள யுகாட்டான் மாநிலமும் வெவ்வேறு நேர மண்டலங்களில் உள்ளன. யுகாட்டானின் நேரம் ஒரு மணி நேரம் பின்தங்கியது. கான்குனிலிருந்து விடியற்காலையில் புறப்படுவோருக்கு இது சாதகம். காலை 8 மணிக்கு வாயில் திறக்கும்போதே அவர்கள் உள்ளே நுழைந்துவிட முடியும். முற்பகலில் பெரிய பேருந்துகள் வந்து சேரத் தொடங்கியதும் நெரிசலும் வெப்பமும் ஒருசேரக் கூடுகின்றன.

நீரை மையமாகக் கொண்ட நகரம்

யுகாட்டான் மாயா மொழியில் 'சி' என்றால் வாய், 'சென்' என்றால் கிணறு. 'இட்சா' என்பது ஒரு மக்கள் குழுவின் பெயர். 'இட்சா மக்களின் கிணற்று வாயில்' என்பதே ஊர்ப் பெயரின் பொருள்.

இந்தப் பெயருக்கான காரணம் நிலவியலில் உள்ளது. தீபகற்பத்தின் வடபகுதி முழுவதும் சுண்ணாம்புப் பாறையாலானது. மழைநீர் பாறைக்குள் இறங்கி விடுவதால் நிலத்தின் மேல் ஆறுகள் ஓடுவதில்லை. பாறையின் மேற்கூரை இடிந்து விழும் இடங்களில் நிலத்தடி நீர் திறந்த கிணறாகக் காட்சியளிக்கிறது. இவையே 'செனோட்டே' எனப்படுகின்றன. சிச்சென் இட்சாவில் இரண்டு பெரிய செனோட்டேகள் உள்ளன. ஷ்டொலோக் எனப்படும் ஒன்று குடிநீருக்குப் பயன்பட்டது. சுமார் 60 மீட்டர் விட்டமுள்ள மற்றொன்று வழிபாட்டுக்குரிய புனிதக் கிணறாக விளங்கியது.

கி.பி. 9-ஆம் நூற்றாண்டு முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை இந்த நகரம் வட யுகாட்டானின் முதன்மையான அரசியல், வணிக மையமாகத் திகழ்ந்தது. தெற்கில் இன்றைய குவாத்தமாலா பகுதியிலிருந்த மாயர் நகரங்கள் கைவிடப்பட்டு வந்த அதே காலகட்டத்தில் வடக்கே இது செழித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பிரமிடும் நாட்காட்டியும்

நுழைவாயிலைக் கடந்ததும் பயணிகளின் கண்ணில் முதலில் படுவது குகுல்கான் கோயில். சிறகுகள் கொண்ட பாம்பு வடிவக் கடவுளே குகுல்கான். ஸ்பானியர்கள் 'எல் காஸ்டியோ', அதாவது கோட்டை என்று அழைத்த இந்தப் பிரமிடு, உச்சியில் உள்ள கோயிலையும் சேர்த்து சுமார் 30 மீட்டர் உயரம் கொண்டது. ஒன்பது அடுக்குகளும் நான்கு புறமும் படிக்கட்டுகளும் உள்ளன. ஒவ்வொரு புறத்திலும் 91 படிகள் வீதம் 364 படிகள்; உச்சி மேடையையும் சேர்த்தால் 365. இது மாயர்களின் சூரிய ஆண்டைக் குறிக்கிறது.

மாயர்களின் 365 நாள் ஆண்டு, 20 நாள்கள் கொண்ட 18 மாதங்களையும் கூடுதலாக 5 நாள்களையும் கொண்டது. அதனுடன் 260 நாள்கள் கொண்ட சடங்கு நாட்காட்டி ஒன்றும் இணையாக இயங்கியது. இரண்டும் ஒரே இணைப்பில் மீண்டும் சந்திக்க 52 ஆண்டுகள் ஆகும். நீண்ட கால அளவுகளைக் கணக்கிட மூன்றாவது முறை ஒன்றும் இருந்தது. அதன் ஒரு பெரும் சுழற்சி 2012 டிசம்பரில் நிறைவடைந்ததையே 'மாயர் நாட்காட்டிப்படி உலகம் அழியும்' என்று அப்போது சிலர் பரப்பினர். மாயர் கணக்கில் ஒரு சுழற்சி முடிந்தால் அடுத்தது தொடங்கும். உலக முடிவுக்கு அதில் இடமில்லை.

இந்தக் கணக்கீடுகளுக்கு அடிப்படையாக இருந்தது 20-ஐ அடியாகக் கொண்ட எண்முறை. புள்ளி ஒன்றையும் கோடு ஐந்தையும் குறித்தன. பூஜ்ஜியத்துக்கெனத் தனிக் குறியீடு இருந்தது. ஏடுகளில் அது சிப்பி வடிவில் எழுதப்பட்டது. இந்தியாவுடன் எந்தத் தொடர்பும் இல்லாமலேயே பூஜ்ஜியத்தைக் கண்டடைந்து பயன்படுத்தியவர்கள் மாயர்கள்.

மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்களை ஒட்டி, மாலை வெயிலில் பிரமிடின் வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் ஒளி முக்கோணங்கள் வரிசையாகத் தோன்றும். அவை அடியிலுள்ள கல் பாம்புத் தலையுடன் இணைந்து, பாம்பு ஒன்று இறங்கி வருவதுபோல் காட்சியளிக்கும். இதைக் காண அந்நாள்களில் பல்லாயிரம் பேர் கூடுகின்றனர். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் சில நாள்களுக்கும் ஏறத்தாழ இதே காட்சி தெரியும் என்பதால், கூட்டத்தைத் தவிர்க்க விரும்புவோர் ஓரிரு நாள்கள் தள்ளிச் செல்லலாம்.

படிக்கட்டின் எதிரே நின்று கைதட்டினால், பறவையின் கூவல் போன்ற எதிரொலி திரும்ப வரும். அது கெட்சால் என்ற புனிதப் பறவையின் குரலை ஒத்திருப்பதாக வழிகாட்டிகள் கூறுவது வழக்கம். படிகளின் அமைப்பே இந்த ஒலிக்குக் காரணம் என்பது உறுதி. ஆனால் கட்டியவர்கள் இதைத் திட்டமிட்டே செய்தார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நிழல் பாம்பு குறித்தும் இதே விவாதம் நீடிக்கிறது.

பிரமிடின் மீது ஏற இப்போது அனுமதியில்லை. 2006-ஆம் ஆண்டு படிகளில் இருந்து தவறி விழுந்து ஒரு பயணி உயிரிழந்தார். அதன் பின்னர், பாதுகாப்பையும் கற்களின் தேய்மானத்தையும் கருதி ஏறுவது தடை செய்யப்பட்டது. உள்ளே மறைந்திருக்கும் பழைய பிரமிடும் பயணிகளுக்கு மூடப்பட்டுள்ளது. 1930-களில் கண்டறியப்பட்ட அந்த உட்கட்டுமானத்தில், சிவப்பு வண்ணம் தீட்டி பச்சைக் கற்கள் பதிக்கப்பட்ட சிறுத்தை வடிவ அரியணை ஒன்று உள்ளது. அதற்கும் உள்ளே மூன்றாவது கட்டுமானம் ஒன்று இருப்பதை 2016-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

பந்தாட்டக் களமும் பலியும்

பிரமிடுக்கு வடமேற்கே உள்ள பெரிய பந்தாட்டக் களம் சுமார் 168 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் கொண்டது. பண்டைய மத்திய அமெரிக்கப் பகுதியில் அறியப்பட்டுள்ள பந்தாட்டக் களங்களில் இதுவே மிகப் பெரியது. கெட்டியான ரப்பர் பந்தை இடுப்பால் தட்டி ஆடிய ஆட்டம் இது. பக்கச் சுவர்களில் சுமார் 6 மீட்டர் உயரத்தில் கல் வளையங்கள் உள்ளன. சுவரின் அடிப்பகுதிச் சிற்பத்தில் ஆட்டக்காரர் ஒருவரின் தலை துண்டிக்கப்பட்டிருக்க, கழுத்திலிருந்து பாயும் குருதி பாம்புகளாக மாறுவது செதுக்கப்பட்டுள்ளது.

'வெற்றி பெற்ற அணியின் தலைவரே மகிழ்ச்சியுடன் பலியானார்' என்று கூறப்படுவதைப் பயணிகள் அடிக்கடி கேட்கலாம். பலியானவர் வென்றவரா தோற்றவரா என்பதைச் சிற்பம் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆட்டமும் பலியில் முடிந்தது என்பதற்கும் சான்று கிடையாது.

புனிதக் கிணறு குறித்த கதையும் இத்தகையதே. 'கன்னிப் பெண்கள் கிணற்றில் வீசப்பட்டனர்' என்ற கூற்று 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் பரவியது. மெரிடாவில் அமெரிக்கத் தூதரகப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் தாம்சன், சிச்சென் இட்சாவை உள்ளடக்கிய பண்ணையை 1894-இல் வாங்கினார். 1904 முதல் கிணற்றைத் தூர்வாரி, தங்கம், பச்சை மாணிக்கக் கல், நறுமணப் பிசின், மனித எலும்புகள் ஆகியவற்றை வெளியே எடுத்தார். அவற்றில் பெரும்பகுதி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஒரு பகுதி பிற்காலத்தில் மெக்சிகோவுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. எடுக்கப்பட்ட எலும்புகள் இளம் பெண்களுடையவை மட்டுமல்ல. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எனப் பலதரப்பட்டவர்களுடையவை என்பது பின்னர் தெளிவானது.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'நேச்சர்' இதழில் வெளியான மரபணு ஆய்வு இந்தப் படத்தை மேலும் மாற்றியது. புனிதக் கிணற்றுக்கு அருகே உள்ள நிலத்தடித் தொட்டி ஒன்றில் 1967-இல் கண்டெடுக்கப்பட்ட எலும்புகளிலிருந்து 64 பேரின் மரபணுக்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். 64 பேரும் ஆண் குழந்தைகள். பெரும்பாலோர் மூன்று முதல் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களில் இரண்டு ஜோடி ஒத்த இரட்டையர்களும் இருந்தனர். பலருக்கு அதே தொட்டியில் நெருங்கிய உறவினர்களும் இருந்தனர். மாயர் புராணங்களில் இரட்டைச் சகோதரர்களுக்குச் சிறப்பிடம் உண்டு என்பதால், இரட்டையர்களும் உறவினர்களும் சடங்குக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

'மறைந்துபோன இனம்' என்பது சரியா?

அதே ஆய்வின் மற்றொரு முடிவு குறைவாகவே பேசப்பட்டது. அக்குழந்தைகளின் மரபணுக்களை, தொல்நகருக்கு வெகு தொலைவில் இல்லாத டிஷ்காகால்டுயூப் என்ற ஊரில் இன்று வாழும் மாயர்களின் மரபணுக்களுடன் விஞ்ஞானிகள் ஒப்பிட்டனர். இரண்டுக்கும் இடையே தெளிவான தொடர்ச்சி காணப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வருகைக்குப் பின் பரவிய கொள்ளைநோய்களைத் தாங்கிப் பிழைத்ததன் தடயங்களும் இன்றைய மக்களின் நோயெதிர்ப்பு மரபணுக்களில் தென்பட்டன. பலியான குழந்தைகளின் இனத்தார் அழியவில்லை. பேரிடர்களைக் கடந்து அதே மண்ணில் தொடர்கின்றனர்.

கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் தென்பகுதி நகரங்கள் கைவிடப்பட்டது உண்மை. நீடித்த வறட்சி, நகரங்களுக்கு இடையிலான போர்கள், அரசர்களின் மீதான நம்பிக்கைச் சரிவு எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. ஆனால் வீழ்ந்தவை அரசுகளும் நகரங்களும்தான். மக்கள் வேறு இடங்களுக்குப் பெயர்ந்தனர். சிச்சென் இட்சாவின் செல்வாக்கு மங்கிய பின் மாயபான் என்ற நகரம் எழுந்தது. புனிதக் கிணற்றுக்கான யாத்திரை ஸ்பானியர் காலம் வரை தொடர்ந்தது.

மாயர்களின் அறிவு மரபு துண்டிக்கப்பட்டதற்கு மனிதச் செயலும் ஒரு காரணம். 1562-ஆம் ஆண்டு மானி என்ற ஊரில் பாதிரியார் தியேகோ தே லாண்டா, மாயர்களின் ஏடுகளையும் வழிபாட்டுச் சிலைகளையும் தீக்கிரையாக்கினார். இன்று எஞ்சியிருப்பவை நான்கு ஏடுகள் மட்டுமே. அதே லாண்டா எழுதிவைத்த எழுத்துக் குறிப்பே, 1952-இல் சோவியத் அறிஞர் யூரி நோரோசோவ் மாயர் எழுத்துகளின் ஒலிப்பு முறையைக் கண்டறிய உதவியது வரலாற்றின் முரண். அதன் பிறகு கல்வெட்டுகள் படிக்கப்பட்டு, அரசர்களின் பெயர்களும் போர்களும் திருமணங்களும் வெளிச்சத்துக்கு வந்தன.

1847-இல் யுகாட்டான் மாயர்கள் ஆளும் வர்க்கத்துக்கு எதிராக ஆயுதம் ஏந்தினர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த அந்தப் போராட்டம் 'சாதிப் போர்' என்று அழைக்கப்படுகிறது. ஒருநாள் பயணத்தில் பேருந்து நிற்கும் வயாடோலிட் நகரம் அப்போரின் முக்கியக் களங்களில் ஒன்று.

மெக்சிகோவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 7.7 லட்சம் பேர் யுகாட்டான் மாயா மொழி பேசுகின்றனர். மெக்சிகோ, குவாத்தமாலா, பெலிஸ், ஹோண்டுராஸ் நாடுகளில் மாயா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த சுமார் 30 மொழிகளைப் பல லட்சம் மக்கள் பேசுகின்றனர்.

வருவாய் யாருக்கு?

மெக்சிகோ சட்டப்படி தொல்லியல் சின்னங்கள் தேசத்தின் சொத்து. ஆனால் சிச்சென் இட்சாவின் கட்டடங்கள் நின்ற நிலம் பல தலைமுறைகளாகத் தனியார் குடும்பத்திடம் இருந்தது. 2010-ஆம் ஆண்டில்தான் யுகாட்டான் மாநில அரசு 22 கோடி பெசோ கொடுத்து அந்த நிலத்தை வாங்கியது.

தொல்நகரின் நடைபாதைகளின் இருபுறமும் மர முகமூடிகள், துணிகள், சிறுத்தையின் உறுமலை எழுப்பும் ஊதல்கள் ஆகியவற்றை விற்பவர்களைப் பயணிகள் காணலாம். பலர் இதை இடையூறாகக் கருதுகின்றனர். விற்பனையாளர்களில் பலர் அருகிலுள்ள பிஸ்தே போன்ற ஊர்களைச் சேர்ந்த மாயர்கள். தங்கள் முன்னோரின் நகரம் ஈட்டும் வருவாயில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்பது அவர்களது வாதம். தொல்லியல் பகுதிக்குள் வணிகம் கூடாது என்பது அதிகாரிகளின் நிலைப்பாடு. இதனால் அவ்வப்போது மோதல் எழுகிறது. 2023 ஜனவரியில் உள்ளூர் மக்கள் அணுகுசாலைகளை மறித்துப் போராடினர்.

கடலோர விடுதியில் முழுத் தொகையையும் செலுத்தி, பேருந்து நிறுத்தும் பெரிய கடையில் மட்டும் பொருள் வாங்கித் திரும்பும் பயணியின் பணத்தில் இந்த ஊர்களுக்குச் சேருவது சொற்பமே. உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துவதும், பிஸ்தே அல்லது வயாடோலிடில் உணவருந்துவதும், கைவினைஞரிடம் நேரடியாக வாங்குவதும் இந்த நிலையை ஓரளவு மாற்றும்.

வழிகாட்டியைத் தேர்வு செய்வது எப்படி?

மெக்சிகோவில் வழிகாட்டிகளுக்கு மத்திய சுற்றுலாத் துறை அடையாள அட்டை வழங்குகிறது. நுழைவாயிலிலேயே அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகளை அமர்த்திக்கொள்ளலாம். அட்டையைக் காட்டுமாறு கேட்பதில் தவறில்லை. கட்டணம், மொழி, நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே பேசி முடிவு செய்வது அவசியம். ஆங்கிலம் பேசும் வழிகாட்டிகள் எளிதில் கிடைக்கின்றனர்.

வழிகாட்டி சொல்வதைக் கேட்பதுடன், 'இதற்குச் சான்று என்ன?', 'இதில் மாற்றுக் கருத்து உண்டா?', 'இந்தச் சொல்லை மாயா மொழியில் எப்படிச் சொல்வார்கள்?' போன்ற கேள்விகளை எழுப்பினால் பயணம் பயனுள்ளதாகும். மாயா மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட வழிகாட்டி கிடைத்தால், மழைக் கடவுள் சாக்கின் பெயரில் வயல்களில் இன்றும் நடைபெறும் மழை வேண்டும் சடங்கைப் பற்றியும் கேட்டறியலாம்.

பெரும்பாலான குழுக்கள் பிரமிடு, பந்தாட்டக் களம், புனிதக் கிணறு ஆகியவற்றுடன் நிறுத்திக்கொள்கின்றன. தெற்குப் பகுதியில் உள்ள 'காரகோல்' எனப்படும் வட்ட வடிவ வானாய்வுக் கட்டடம் அவசரத்தில் விடுபட்டுப் போகிறது. அதன் சில சாளரங்கள் வெள்ளிக் கோளின் நகர்வுடன் ஒத்துப்போகின்றன. வழிகாட்டி விளக்கம் முடிந்து தரப்படும் ஓய்வு நேரத்தை அங்கு செலவிடலாம்.

இந்தியப் பயணிகள் கவனிக்க வேண்டியவை

* இந்தியாவிலிருந்து கான்குனுக்கு நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா அல்லது ஐரோப்பா வழியாகச் செல்ல வேண்டியிருக்கும் என்பதால் இடைவழி நாட்டின் விசா விதிகளையும் பார்க்க வேண்டும்.

* அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு மெக்சிகோ சுற்றுலாவுக்குத் தனி விசா தேவையில்லை என்ற நடைமுறை உள்ளது. விதிகள் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் தூதரகத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

* மார்ச் முதல் மே வரை கடும் வெப்பம் நிலவும். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். பிரமிடைச் சுற்றியுள்ள வெளியில் நிழல் கிடையாது. தொப்பியும் குடிநீரும் கட்டாயம் தேவை.

* ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்சிகோ மக்களுக்குத் தொல்லியல் கட்டணம் இல்லாததால் கூட்டம் அதிகம்.

* செனோட்டேயில் இறங்கும் முன் குளித்துவிட்டுச் செல்ல வேண்டும். வெயில் காப்புப் பூச்சு நீரை மாசுபடுத்துவதால் அதைக் கழுவிவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. அந்த நீர் நிலத்தடியில் ஒன்றோடொன்று இணைந்தது; சுற்றியுள்ள ஊர்களின் குடிநீர் ஆதாரமும் அதுவே.

* கூட்டம் குறைவான மாயர் நகரைக் காண விரும்புவோர், மெரிடாவுக்குத் தெற்கே உள்ள ஊஷ்மால் தொல்நகரைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

மாலை 5 மணிக்குத் தொல்நகரின் வாயில் மூடப்படுகிறது. பேருந்துகள் கடற்கரையை நோக்கித் திரும்பும் அதே வேளையில், விற்பனையாளர்கள் பொருள்களை மூட்டை கட்டிக்கொண்டு பிஸ்தேயை நோக்கி நடக்கின்றனர். அவர்களில் பலர் வழியில் பேசிக்கொள்வது மாயா மொழியில்தான்.